ழூவோ துப்ராய்

கபிரியேல் ழூவோ துப்ராய் (1885–1945) புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞரும் கலை வரலாற்றாளரும் ஆவார். தென்னிந்தியக் கோயில்களின் காலத்தை அவற்றின் கட்டட உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டே கணிக்க முடியும் என்பதை முறையாக நிறுவியவர் இவர். பல்லவர் வரலாற்றை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். சித்தன்னவாசல் ஓவியங்களையும், காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயில் ஓவியங்களையும் அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். புதுச்சேரிக்குத் தெற்கே அமைந்த அரிக்கமேடு உரோமானியரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த பழைய ஊர் என்பதை முதலில் உணர்ந்தவரும் இவரே. இவர் பழஞ்சிற்பங்களைத் தேடிச் சேகரித்து ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பியவரும் ஆவார். இதனால் இவரது பெயர் தமிழகக் கலை வரலாற்றில் நன்றியோடும் மனக்குறையோடும் நினைக்கப்படுகிறது. தமிழ் நூல்களில் இவர் பெயர் ஜூவோ துப்ரே, ழுவோ தூப்ராய் எனப் பலவாறாக எழுதப்படுகிறது.

பின்னணி

ழூவோ துப்ராய் புதுச்சேரியில் இயங்கிய பிரெஞ்சுக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். தொல்லியல் துறை அலுவலர் பதவி எதனையும் வகிக்கவில்லை. கல்லூரிப் பணிக்கு இடையில் கிடைத்த நாட்களில் தொண்டை மண்டலத்துக் கோயில்களையும் குடைவரைகளையும் ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, அளந்து, வரைந்து, ஒளிப்படம் எடுத்தார். இவ்வுழைப்பின் விளைவாகத் தென்னிந்தியத் தொல்லியல் குறித்த இவரது ஆய்வு 1914 ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்தது. முதல் தொகுதி கட்டடக்கலையையும், இரண்டாம் தொகுதி படிமக்கலையையும் பற்றியது. கிமே அருங்காட்சியகத்தின் ஆய்வு வரிசையில் இந்நூல் இடம்பெற்றது. பாரிசுப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் இவருக்கு உண்டு.

இவர் வாழ்ந்த புதுச்சேரியின் நில அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்கள் பிரிட்டிசாரின் தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களுக்கு இடையில் துண்டு துண்டாக அமைந்திருந்தன. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்தால் சிறிது தொலைவில் பிரிட்டிசு எல்லை வந்துவிடும். எல்லையின் ஒரு புறம் பிரிட்டிசு இந்தியத் தொல்லியல் துறை. மறுபுறம் பிரெஞ்சு நிருவாகம். இரண்டுக்கும் சட்டங்களும் அலுவலர்களும் வேறு. ழூவோ துப்ராய் இவ்விரண்டு உலகங்களிலும் நடமாடினார். காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் இவரது ஆய்வுக் களங்கள், இருப்பிடமோ புதுச்சேரி.

அக்காலத்தில் தென்னிந்தியக் கட்டடக்கலை பற்றி அறிய விரும்பியவர்களுக்குப் பெரிதும் துணைநின்றது சேம்சு பெர்குசன் 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாறு ஆகும். அலெக்சாண்டர் ரீ என்பவர் பல்லவர் கட்டடக்கலை குறித்து 1909 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஆயினும் கல்வெட்டு இல்லாத ஒரு கோயிலைக் கண்டால் அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லும் வழி அப்போது இல்லை. தலபுராணங்கள் எல்லாக் கோயில்களையும் யுகங்களுக்கு அப்பால் கொண்டு சென்றன. ஐரோப்பியப் பயணிகளோ சிதைந்து தோன்றியதைப் பழமையானது என்றும், பெரிதாகத் தோன்றியதைச் சிறந்தது என்றும் எண்ணினர்.

உறுப்புகளைக் கொண்டு காலம் கணித்தல்

ழூவோ துப்ராய் தேர்ந்தெடுத்த வழி எளிமையானது. கோயிலின் முழுத் தோற்றத்தை விட்டுவிட்டு, எல்லாக் கோயில்களிலும் தவறாமல் இடம்பெறும் சிறு உறுப்புகளை மட்டும் அவர் நோக்கினார். தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, கூரையின் விளிம்பாகிய கபோதத்தில் வரும் கூடு, சுவரில் அமையும் கோட்டம், தூணின் தலைப்பகுதி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. காலம் உறுதியாகத் தெரிந்த கோயில்களில் இவ்வுறுப்புகளை வரைந்து காலவரிசையில் அடுக்கினார். அவ்வாறு அடுக்கியபோது அவற்றின் வடிவம் ஒரே திசையில் படிப்படியாக மாறி வந்தது தெரிந்தது.

போதிகையை எடுத்துக்கொண்டால், பல்லவர் காலத்தில் அதன் கீழ்ப்புறம் வளைந்தும், அலை போன்ற உருளை வரிகளைக் கொண்டும், நடுவில் ஒரு பட்டையுடனும் காணப்படும். இது தரங்கப் போதிகை எனப்படும். சோழர் காலத்தில் வளைவு மறைந்து, சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனை நீண்ட வெட்டுப் போதிகை வருகிறது. விசயநகரக் காலத்தில் அம்முனை கீழ்நோக்கி வளைந்து தாமரை மொட்டாக மாறுகிறது. நாயக்கர் காலத்தில் அம்மொட்டு வாழைப்பூப் போலப் பெருத்துத் தொங்குகிறது. இதுவே பூமுனைப் போதிகை. கூட்டின் கதையும் இத்தகையதே. பல்லவர் காலக் கூட்டின் உச்சி மண்வெட்டியின் அலகு போன்று தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அவ்விடத்தில் சிங்கமுகம் வந்து அமர்கிறது.

இவற்றைக் கொண்டு அவர் திராவிடக் கட்டடக்கலையை ஐந்து காலப் பகுதிகளாகப் பிரித்தார். பல்லவர் பாணி கி.பி. 600 முதல் 850 வரை. சோழர் பாணி 850 முதல் 1100 வரை. பாண்டியர் பாணி 1100 முதல் 1350 வரை. விசயநகரப் பாணி 1350 முதல் 1600 வரை. மதுரைப் பாணி 1600 முதல் அவர் காலம் வரை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒன்றாக வரலாறு தன்னை வெட்டிக்கொள்வதில்லை என்பது உண்மைதான். பின்வந்தவர்கள் இப்பிரிவுகளைப் பலவாறு திருத்தினர். எனினும் இன்றைய கல்லூரிப் பாடநூல்களில் காணப்படும் பகுப்பின் எலும்புக்கூடு பெரிதும் இவருடையதே.

இவருடைய முறையில் கவனிக்கத்தக்க மற்றொரு கூறு, உயிரோடிருந்த சிற்பிகளை அவர் மதித்தமையாகும். அக்காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியால் பல கோயில்கள் புதுப்பிக்கப்பட்டு வந்தன. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் அவற்றுள் ஒன்று. அங்கு வேலை செய்த கல்தச்சர்களின் பணியையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். உறுப்புகளுக்குத் தச்சர்கள் வழங்கிய பெயர்களைத் தம் நூலில் பயன்படுத்தினார். திராவிடக் கலை செத்துப்போன கலை என்று பலர் கருதிய காலத்தில், பல்லவர் தொடங்கி அன்றைய தச்சர் வரை அறுபடாத ஒரே மரபு ஓடுகிறது என்பதை அவருடைய படங்கள் காட்டின.

ஒரு பொருளின் சிறு உறுப்பை நோக்கி அதன் காலத்தையும் மரபையும் சொல்லும் இக்கலை கோயில்களுக்கு மட்டும் உரியதன்று. சப்பானில் பழைய வாள்களை மதிப்பிடும் கலை இதற்கு நல்ல ஒப்புமை ஆகும். கியோத்தோவைச் சேர்ந்த ஓனாமி குடும்பத்தார் பல தலைமுறைகளாக வாள்களைத் தீட்டுவதையும் மதிப்பிடுவதையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். வாளின் வளைவு, அலகின் ஓரத்தில் பதப்படுத்தலால் தோன்றும் அலைக்கோடு, பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியின் அரத்தடங்களும் துருவும் ஆகியவற்றை நோக்கி, அது எந்த நூற்றாண்டில் எந்தக் கொல்லர் மரபில் செய்யப்பட்டது என்று அவர்கள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தனர். வால்பகுதியில் கொல்லர் பெயர் பொறிக்கப்படாத வாளுக்கும் அவர்களால் காலமும் மரபும் கூற முடிந்தது. கல்வெட்டு இல்லாத கோயிலில் போதிகையைக் கண்டு காலம் சொல்வதும் அதே வகை அறிவே. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வாள் கைமாறுவதற்கென்றே செய்யப்பட்டது. உடையவர் மாறினாலும் அதன் பொருள் குன்றுவதில்லை. கோயிற் சிற்பம் ஓர் இடத்திற்கெனச் செய்யப்பட்டது. இவ்வேறுபாடு ழூவோ துப்ராயின் பிற்கால வாழ்வில் பெரிய பொருளுடையதாயிற்று.

கட்டடக்கலைத் தொகுதியின் கருத்துகள் 1917 ஆம் ஆண்டில் திராவிடக் கட்டடக்கலை என்னும் ஆங்கில நூலாகச் சென்னையில் வெளிவந்தன. வரலாற்றாசிரியர் ச. கிருட்டிணசாமி ஐயங்கார் அதனைப் பதிப்பித்தார். படிமக்கலைத் தொகுதியின் ஆங்கில வடிவம் 1937 ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. கிருமாம்பாக்கத்தை அடுத்த பாகூரில் உள்ள மூலநாதர் கோயில் முற்காலச் சோழர் கலைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். மேற்கூறிய உறுப்புகளைப் படத்தில் பார்ப்பதைவிட அத்தகைய ஒரு கோயிலில் நேரில் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்தரும்.

பல்லவர் வரலாறு

பல்லவர் தொல்பொருள்கள் என்னும் நூலின் முதல் தொகுதி 1916 ஆம் ஆண்டிலும், இரண்டாம் தொகுதி 1918 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இடையில் 1917 ஆம் ஆண்டில் பல்லவர்கள் என்னும் சிறு நூல் வெளிவந்தது. இதனைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் வி. சு. சுவாமிநாத தீட்சிதர். தக்காணத்தின் பண்டைய வரலாறு (1920) என்னும் நூலையும் அவரே மொழிபெயர்த்தார். ழூவோ துப்ராயின் கருத்துகள் தமிழக அறிஞர்களிடையே விரைந்து பரவியதற்கு இம்மொழிபெயர்ப்புகள் பெருங்காரணம் ஆகும். மொழிபெயர்ப்பாளரின் பெயர் இன்று அரிதாகவே நினைக்கப்படுகிறது.

குடைவரைகளைக் குடைவிக்கும் வழக்கத்தைத் தொண்டை மண்டலத்தில் தொடங்கியவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பதை இவர் வலியுறுத்தினார். கிருட்டிணை ஆற்றங்கரையில் உள்ள உண்டவல்லிக் குடைவரைகளைக் கண்டே மகேந்திரனுக்கு அவ்வெண்ணம் தோன்றியிருக்க வேண்டும் என்றும் கருதினார். பல்லவர் கலையை மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி, அபராசிதன் பாணி எனப் பிரித்தார். பருத்த சதுரத் தூண்கள் முதலாவதற்கும், அமர்ந்த சிங்கங்கள் தாங்கும் தூண்கள் இரண்டாவதற்கும், கல்லால் கட்டிய கோயில்கள் மூன்றாவதற்கும் அடையாளங்கள் ஆயின. மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தையும் இராசசிம்மன் ஒருவனே செய்வித்தான் என்று இரா. நாகசாமி 1962 ஆம் ஆண்டில் வாதிட்டபோது, அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது இப்பாணிப் பகுப்பையே. அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

சமுத்திரகுப்தனின் தென்திசைப் படையெடுப்பு பற்றி இவர் கூறிய கருத்தும் பெரிதும் பேசப்பட்டது. குப்த மன்னன் தென்னாடு முழுவதையும் வென்றான் என்ற அக்காலக் கருத்தை இவர் மறுத்தார். அவன் கிழக்குக் கடற்கரையோரமாகச் சிறிது தொலைவு வந்து, தென்னாட்டு அரசர்களின் கூட்டணியால் தடுக்கப்பட்டுத் திரும்பினான் என்றார்.

ஓவியங்கள்

புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் ஓவியங்கள் இருப்பதைத் து. அ. கோபிநாத ராவ் கண்டு இவருக்குத் தெரிவித்தார். கோபிநாத ராவ் 1919 ஆம் ஆண்டில் காலமானார். ழூவோ துப்ராய் 1920 ஆம் ஆண்டில் அவ்வோவியங்களைப் பற்றி ஒரு சிறு வெளியீட்டை வெளியிட்டார். தாமரைத் தடாகத்தில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் மலர் கொய்யும் மனிதரும் காட்டப்பட்டுள்ள அந்த விதானம் அதன் பின்னரே புகழ் பெற்றது. இவர் அதனை மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவர் ஓவியம் எனக் கொண்டார். பின்னர் அங்கு வெளிப்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குடைவரை புதுப்பிக்கப்பட்டதைத் தெரிவித்ததால், ஓவியங்களை அக்காலத்தவை எனக் கொள்வதே இன்று பெருவழக்கு.

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிறு சன்னதிகளில், பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களின் எச்சங்களை இவர் 1931 ஆம் ஆண்டில் கண்டார். இவை ஐயத்துக்கு இடமின்றிப் பல்லவர் காலத்தவை. அதே ஆண்டில் சு. கு. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்களைக் கண்டார். தமிழகத்துக்குப் பழைய ஓவிய மரபு உண்டா என்ற ஐயம் இவ்விரண்டினாலும் ஒரே ஆண்டில் நீங்கியது.

எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. மலபாரில் உள்ள பாறைக் குடைவுகளை வேதகால வேள்விச் சாலைகளோடு தொடர்புபடுத்தி 1922 ஆம் ஆண்டில் இவர் எழுதிய வேதகாலத் தொல்பொருள்கள் என்னும் நூலை அறிஞர்கள் ஏற்கவில்லை. அவை இரும்புக்கால ஈமக் குடைவுகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வடிவ ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கற்பித்துவிடும் ஆர்வம் இவரிடம் இருந்தது.

சிற்பச் சேகரிப்பும் விற்பனையும்

1920களில் ழூவோ துப்ராய் சிற்பங்களைத் தேடிச் சேகரிப்பதில் தீவிரமாக ஈடுபட்டார். பாரிசில் ஆசியக் கலைப்பொருள் வணிகத்தில் முதன்மை பெற்றிருந்த சி. டி. லூ என்னும் சீன வணிகருக்கு இவர் தென்னிந்தியச் சிற்பங்களைத் திரட்டி அனுப்பினார். லூவின் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய அருங்காட்சியகங்களும் செல்வந்தர்களும் ஆவர். கல்லைக் கண்டு காலம் சொல்லக்கூடியவர் களத்திலேயே இருந்தது அவ்வணிகருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டவை காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினிச் சிற்பங்கள். 1920களின் நடுப்பகுதியில் காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம் பகுதிகளில் இவர் கண்ட இவை பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய, அமர்ந்த நிலையிலுள்ள தேவியர். சிலருக்குக் கோரைப்பற்கள்; சிலர் கையில் கபாலம்; உடலோ மெலிதும் அழகும் வாய்ந்தது. யோகினிகள் வழக்கமாகக் கூட்டமாகவே ஒரு கோயிலில் எழுந்தருளுவர். ஒடிசாவின் இராப்பூரிலும், மத்தியப் பிரதேசத்தின் பேடாகட்டிலும் அத்தகைய வட்ட வடிவக் கோயில்கள் இன்றும் உள்ளன. தமிழகத்தில் அத்தகைய கோயில் எதுவும் எஞ்சவில்லை. இச்சிற்பங்களே இங்கும் அவ்வழிபாடு இருந்ததற்குச் சான்று.

அச்சான்று இன்று சிதறிக் கிடக்கிறது. பாரிசில் ஒன்று, இலண்டனில் ஒன்று, வாசிங்டனில் ஒன்று, டெட்ராயிட்டில் ஒன்று, மினியாபொலிசில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று என அருங்காட்சியகங்களில் தனித்தனியே அமர்ந்திருக்கின்றனர். அக்கோயில் எங்கிருந்தது, யார் கட்டியது, எத்தனை தேவியர் இருந்தனர், எந்த வரிசையில் அமர்ந்திருந்தனர் என்பவை எவற்றுக்கும் உறுதியான விடை இல்லை. கிடைத்த இடங்களை அகழ்ந்து, அளந்து, வரைபடத்தில் குறித்திருந்தால் இவற்றுள் சிலவற்றுக்கேனும் விடை கிடைத்திருக்கும். போதிகையின் ஒரு வளைவையும் விடாமல் வரைந்தவர் இங்கே அதனைச் செய்யவில்லை என்பதே வியப்பு. இழப்பு சிற்பங்களுக்கு அன்று. அவை நன்றாகவே பேணப்படுகின்றன. இழந்தது அவற்றின் ஊர்.

அக்காலச் சட்டநிலையையும் நோக்க வேண்டும். பிரிட்டிசு இந்தியாவில் 1904 ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அது பெரிதும் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காத்தது. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடந்த சிற்பங்களுக்கு நடைமுறையில் காவல் மிகக் குறைவு. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் 1947 ஆம் ஆண்டிலும், இன்று நடப்பில் உள்ள தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972 ஆம் ஆண்டிலும் வந்தன. ஆகவே இவருடைய செயல்களைப் பிற்காலச் சிலைக் கடத்தலோடு ஒன்றாக வைப்பது பொருந்தாது. ஏரிக்கரையில் உடைந்து கிடந்தவை கட்டுமானக் கல்லாகப் போயிருக்கும் என்ற வாதமும் அக்காலத்திலிருந்தே கூறப்படுகிறது. அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் காப்பாற்றுவதற்குச் சென்னை அருங்காட்சியகமும் இருந்தது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்துக் கோலி என்னும் ஊரில் 1926 ஆம் ஆண்டில் இவர் கண்ட பௌத்தத் தூபியின் சிற்பங்கள் சென்னைக்கே சென்றன. து. நா. இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1929 ஆம் ஆண்டில் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். எந்த ஊர், எந்தத் தூபி என்பது தெரிந்த நிலையில் அச்சிற்பங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. யோகினிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

அரிக்கமேடு

அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினத்துக்கும் காக்காயந்தோப்புக்கும் அருகில் உள்ள மேடு அரிக்கமேடு ஆகும். வெள்ளிக் கோளின் இடைநகர்வைக் காண வந்து, மேகத்தால் அதனைக் காண முடியாமல் போன பிரெஞ்சு வானியலாளர் லெ சாந்தி 1760களின் இறுதியில் இப்பகுதியில் பழைய செங்கற் சுவர்களைப் பார்த்துக் குறித்திருந்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சுற்றுப்புற மக்கள் பழைய செங்கற்களை வீடு கட்ட எடுத்துச் சென்றனர். மழை பெய்து கரை சரியும்போதெல்லாம் வண்ண மணிகள் வெளிப்பட்டன. சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி விளையாடினர்.

1937 ஆம் ஆண்டில் ழூவோ துப்ராய் அச்சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். தரையில் கிடந்தவற்றைத் தாமும் பொறுக்கினார். அவற்றுள் மனிதத் தலை செதுக்கப்பட்ட ஒரு சிறு கல் இருந்தது. அதனை உரோமானியப் பேரரசர் அகசுடசின் உருவம் என அவர் அடையாளம் கண்டார். பிற மணிகளின் வேலைப்பாட்டையும் சேர்த்து நோக்கி, இவ்விடம் உரோமானியர் தொடர்புடைய பழைய ஊர் என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு இந்திய ஆளுநருக்கும் அதனைத் தெரிவித்தார். ஒரு விரல் நகத்தளவுக் கல்லிலிருந்து ஒரு நகரத்தை ஊகித்த இச்செயல், போதிகையிலிருந்து நூற்றாண்டைச் சொன்ன அதே கண்ணின் வேலை. செங்கடல் வழிகாட்டி எனப்படும் பழைய கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்பது இன்று பெரும்பாலோர் கருத்து.

இம்முறை கண்டறிந்த இடம் கைவிடப்படவில்லை. 1941 ஆம் ஆண்டு முதல் பொழ்சோ அடிகளாரும் சுர்லோவும் அங்கு அகழ்ந்தனர். இருவரும் அகழாய்வுப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கிடைத்த பொருள்களில் சில ஹனோய் நகரில் இயங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. போர்க்காலமாகையால் வெளியுலகம் இவற்றை அதிகம் அறியவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக 1944 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மதுச்சாடித் துண்டு ஒன்றைக் கண்டு வியந்து புதுச்சேரிக்கு வந்தார். 1945 ஆம் ஆண்டில் முறையான அகழாய்வை நடத்தினார். இத்தாலியில் செய்யப்பட்ட, காலம் தெரிந்த அரிட்டைன் மட்கலத் துண்டுகள் அடுக்குக்குள்ளேயே கிடைத்தன. அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலில் ஆண்டுக்கணக்கைத் தொடங்கி வைத்த முதல் முளைக்கோல் அதுவே. அடுக்கில் கிடைத்த ஒரு சாதாரண ஓட்டுத் துண்டு, அடுக்கு தெரியாமல் சிறுவன் கையிலிருந்து வந்த பேரரசர் உருவக் கல்லைவிட அதிகம் பேசியது.

ழூவோ துப்ராய் இறுதிக் காலத்தில் பிரெஞ்சு இந்தியாவின் ஆளுநராக இருந்த தூப்ளேயின் வரலாற்றிலும் ஈடுபட்டிருந்தார். வீலரின் அகழாய்வு நடந்த அதே 1945 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அகழாய்வின் முழு அறிக்கை அடுத்த ஆண்டில்தான் வெளிவந்தது.

பிற்கால ஆய்வுகள்

அரிக்கமேட்டில் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில் ஒரு குழுவினரும் அகழ்ந்தனர். உரோமானியர் வருகைக்கு முன்பே அங்கு ஊர் இருந்தது என்பதையும், உரோம வணிகம் குறைந்த பின்னரும் மக்கள் வாழ்ந்தனர் என்பதையும் பெக்லியின் ஆய்வு காட்டியது. எனவே அதனை உரோமானியர் நிறுவிய நகரம் என்று இன்று கூறுவதில்லை. கடல் கடந்த வணிகத்தில் பங்கு கொண்ட தமிழகத் துறைமுகம் என்றே கூறுகின்றனர். அரிக்கமேட்டுப் பொருள்கள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

யோகினிகளைப் பொறுத்தவரை, கலை வரலாற்றாளர் பத்மா கைமல் உலகெங்கும் சிதறியுள்ள அவற்றைத் தேடி, ஒவ்வொன்றும் கைமாறிய வரலாற்றைத் தொகுத்து 2012 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ழூவோ துப்ராய்க்கும் லூவுக்கும் இடையிலான தொடர்பு அந்நூலில் விரிவாக ஆராயப்படுகிறது. அச்சிற்பங்களில் சில தமிழகத்தில் இருக்கின்றன. ஏனையவை அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலேயே உள்ளன.